கடலடி எரிவாயு: கெடு நீட்டிப்பைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு

கரோல் பாக்கில் அஜ்மல் கான் சாலை முனையில் நிற்கும் ஆட்டோ சி.என்.ஜி.யில் ஓடுகிறது. பூசா சாலைப் பக்கம் பல வீடுகளில் அடுப்பு எரிவது குழாய் எரிவாயுவில். இந்த வாயுவில் ஒரு பங்கு, காக்கிநாடாவுக்கு அப்பால் வங்கக் கடலின் அடியில் இருந்து எடுக்கப்பட்டு, நாட்டின் குறுக்கே குழாய் வழியாகப் பயணித்து வடக்கே வருகிறது. குழாய் வலைக்குள் கலந்த பிறகு எந்த வாயு எந்தக் கிணற்றுடையது என்று பிரிக்க முடியாது. விலையைப் பிரிக்க முடியும். பழைய வயல்களின் வாயுவுக்கு 2025 ஏப்ரல் முதல் உச்சவிலை 6.75 டாலராக இருந்தது. ஆழ்கடல், உயர் அழுத்தக் கிணறுகளின் வாயுவுக்கு அதே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உச்சவரம்பு 10.04 டாலர். இரண்டும் பத்து லட்சம் பி.டி.யு. என்ற ஒரே வெப்ப அளவுக்கு. 2024 அக்டோபரிலும் நவம்பரிலும் நகர எரிவாயு நிறுவனங்களுக்குத் தரும் மலிவு வாயுவை மத்திய அரசு அடுத்தடுத்துக் குறைத்தது. அந்த இடத்தை நிரப்ப நிறுவனங்கள் வாங்க வேண்டியிருப்பது விலை கூடிய வாயுவைத்தான்.

ஆகவே, அந்த வாயுவைத் தரும் கடலடிக் கிணறு ஒன்று பத்து வருடம் தள்ளிப்போனால் அது நம் செலவுக் கணக்கிலும் ஏறும். கிணறு ஏன் தள்ளிப்போகிறது, தள்ளிப்போட யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்பதற்கு நாம் எண்ணெய்த் துறை நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

அரசு ஒரு கடல் பகுதியை, அதாவது ஒரு 'பிளாக்'கை, நிறுவனத்துக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கொடுக்கிறது. தேடுவதற்கு ஒரு கெடு, எடுப்பதற்கு ஒரு குத்தகைக் காலம். 2016இல் வந்த கொள்கை, கடலில் தேடும் காலத்தை 8 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக்கியது. கெடுவுக்குள் வேலை முடியாவிட்டால் இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் நிறுவனம் இப்படியும் சொல்லலாம்: "வாயு இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டோம். அதை எடுக்கும் கருவி இன்னும் எங்களிடம் இல்லை. கெடுவை நீட்டுங்கள்."

இந்தக் கோரிக்கை எப்போதும் சாக்கு அல்ல. நம் வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது ஏறத்தாழ 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில். உயர் அழுத்தக் கிணறு என்று துறையினர் சொல்வது 10,000 பிஎஸ்ஐக்கு மேல், வெப்பம் 150 டிகிரி செல்சியஸை ஒட்டியோ தாண்டியோ. அந்தச் சூட்டில் அளவுக் கருவிகளின் மின்னணு பாகங்கள் செயலிழக்கும், ரப்பர் அடைப்புகள் இளகும், குழாயைச் சுற்றி இறுக்கும் சிமென்ட் பிடிப்பு விடும். கிணற்றின் தலையில் உட்காரும் வெடிப்புத் தடுப்பான் கிணற்றை அடைக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதை 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் உலகம் பார்த்தது. டீப்வாட்டர் ஹொரைசன் மேடையில் 11 பேர் இறந்தார்கள். எண்ணெய்க் கசிவை அடைக்க 87 நாள் பிடித்தது. தயாராகாத கருவியோடு கெடுவுக்குப் பயந்து தோண்டுவதைவிடக் காத்திருப்பது நல்லது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே வளைகுடாவில் பி.பி. நிறுவனம் காஸ்கிடா என்ற எண்ணெய் வயலை 2006இல் கண்டுபிடித்தது. 20,000 பிஎஸ்ஐ தாங்கும் கருவிகள் அப்போது இல்லை. முதலீட்டு முடிவு 2024இல்தான் வந்தது. அந்தத் தரக் கருவிகளைக் கொண்டு முதல் எண்ணெயை எடுத்தது ஷெவ்ரானின் ஆங்கர் வயல், 2024 ஆகஸ்டில். உண்மையான காத்திருப்புக்கு இவை சாட்சி. ஆனால் அங்கே குத்தகை தரும் அமெரிக்க அரசு எல்லாக் கோரிக்கைக்கும் தலையாட்டவில்லை. எக்ஸான்மொபில் தன் ஜூலியா வயலுக்கு நீட்டிப்புக் கேட்டபோது, குத்தகை முடிந்த நாளில் உற்பத்திக்கான உறுதியான திட்டம் உங்களிடம் இல்லை என்று மறுத்தார்கள். நிறுவனம் 2011இல் நீதிமன்றம் போனது, 2012 ஜனவரியில் சமரசம் ஆனது, 2016இல் எண்ணெய் வந்தது. தொழில்நுட்பம் இல்லை என்ற வாக்குமூலம் மட்டும் போதாது, அதைப் பெறுவதற்கான திட்டமும் நாளும் காட்டு என்பதே அங்கே எழுந்த கேள்வி.

நம் நாட்டில் கேட்க வேண்டியதும் அதுதான். ரிலையன்ஸும் பி.பி.யும் நடத்தும் கிருஷ்ணா-கோதாவரி (கே.ஜி.) டி6 பிளாக்கில் எம்.ஜே. என்ற உயர் அழுத்த வயல் 2013இல் கண்டறியப்பட்டு 2023இல் உற்பத்திக்கு வந்தது. பத்தாண்டு. பக்கத்திலேயே ஓ.என்.ஜி.சி.யின் 98/2 பிளாக், 2000ஆம் ஆண்டில், முதல் ஏலச் சுற்றில் கொடுக்கப்பட்டது. 2005இல் ஓ.என்.ஜி.சி. கைக்கு வந்த அதில் முதல் எண்ணெய் கிடைத்தது 2024 ஜனவரி 7 அன்று.

இவற்றைவிடப் பாடமாக இருப்பது தீன்தயாள் வயல். குஜராத் அரசு நிறுவனமான ஜி.எஸ்.பி.சி., 2005 ஜூனில் கிருஷ்ணா-கோதாவரி கடற்பகுதியில் 20 லட்சம் கோடி கன அடி வாயு இருப்பதாக அறிவித்த பிளாக் இது. பிற்பாடு மேம்பாட்டுத் திட்டத்தில் காட்டப்பட்ட அளவு அதில் பத்தில் ஒரு பங்குதான். 2011 முடிவில் வாயு வரும் என்றார்கள். 2014 ஆகஸ்டில்தான் சோதனை உற்பத்தி தொடங்கியது, அதுவும் சொற்பம். காரணம், உயர் அழுத்தம், உயர் வெப்பம், வாயுவை எளிதில் விடாத இறுகிய பாறை. கிட்டத்தட்ட 20,000 கோடி ரூபாய் செலவாகிவிட்டதை 2016இல் அரசுக் கணக்குத் தணிக்கையாளரான சி.ஏ.ஜி.யின் அறிக்கை எடுத்து வைத்தது. மறு ஆண்டு அந்தப் பிளாக்கின் 80 சதவீதப் பங்கை மத்திய அரசு நிறுவனமான ஓ.என்.ஜி.சி. வாங்கிக்கொண்டது. வயலுக்கு 99.5 கோடி டாலர், பிற கண்டுபிடிப்புகளுக்கு முன்பணமாக 20 கோடி டாலர். ஒரு மாநிலத்தின் பொதுப்பணம் சிக்கிய இடத்தில் நாட்டின் பொதுப்பணம் போய் உட்கார்ந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் "இந்தப் பாறையைத் தோண்டும் திறன் இருக்கிறதா, எப்போது வரும்?" என்று பகிரங்கமாகக் கேட்டுப் பதில் வாங்கியிருந்தால் இழப்பில் ஒரு பகுதியையாவது தவிர்த்திருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி உரிமைக்கு வருவோம். பழைய ராஜேந்தர் நகரில் அறை எடுத்து ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது மனப்பாடம்: அரசமைப்புச் சட்டத்தின் 297ஆம் பிரிவின்படி கடலடிக் கனிமங்கள் மத்திய அரசிடம் உள்ளன. மாநிலத்துக்கு அங்கே குத்தகை அதிகாரம் கிடையாது. ஆனால் அரசு அதற்கு முதலாளி அல்ல. 2010 மே 7 அன்று அம்பானி சகோதரர்களின் எரிவாயு வழக்கில் உச்ச நீதிமன்றம், இயற்கை வளம் மக்களுடையது, அரசு அதை அவர்களுக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கிறது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

கெடு நீட்டிப்பு நிறுவனத்தின் பிறப்புரிமையும் அல்ல. பழைய ஒப்பந்தங்களை நீட்டும்போது லாபத்தில் அரசின் பங்கு 10 சதவீதம் கூட வேண்டும் என்று 2016, 2017 கொள்கைகள் விதித்தன. ஆந்திரக் கடலின் ரவ்வா வயல் ஒப்பந்தம் 2019இல் முடிந்தபோது மேலும் 10 ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ராஜஸ்தான் பார்மர் வயலுக்குப் பழைய நிபந்தனையிலேயே நீட்டிப்பு வேண்டும் என்று வேதாந்தா டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாதாடியது. தனி நீதிபதி 2018இல் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2021 மார்ச்சில் டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்தது. பொதுமக்கள் நினைவில் வைக்க வேண்டிய தீர்ப்பு இது.

சட்டமும் மாறிவிட்டது. எண்ணெய் வயல்கள் திருத்தச் சட்டம் 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. விதிமீறலுக்கு இருந்த ஆறு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் போய், 25 லட்சம் ரூபாய் வரை அபராதம் வந்திருக்கிறது. மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10 லட்சம் வரை. புதிய விதிகளோ குத்தகையை 30 ஆண்டு வரை கொடுத்து, வயலில் வரும்படி இருக்கும்வரை நீட்டவும் வழி வைக்கின்றன. முதலீட்டாளருக்கு இது நிம்மதி. ஆனால் நீண்ட குத்தகைக்குள் வேலை நடக்காமல் கிடந்தால் பகுதியைப் பிடுங்கும் கண்டிப்பு வேண்டும். டி6 பிளாக்கில் 7,645 சதுர கிலோமீட்டர் முழுவதையும் நிறுவனமே வைத்துக்கொள்ள விட்டதை 2011இலேயே சி.ஏ.ஜி. குறைகூறியது. விட்டுப்பிடித்தல் எவ்வளவு எளிதாக நடக்கும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

தமிழ்நாட்டுக்கு இது அடுத்த வீட்டுச் செய்தி அல்ல. 2024 ஜனவரியில் தொடங்கிய ஒன்பதாவது ஏலச் சுற்றில் கன்னியாகுமரிக்குத் தெற்கே மூன்று மீ-ஆழ்கடல் பிளாக்குகள், சுமார் 27,000 சதுர கிலோமீட்டர், ஓ.என்.ஜி.சி.க்குப் போயிருக்கின்றன. மீ-ஆழ்கடல் என்றால் 1,500 மீட்டருக்கும் மேற்பட்ட நீர். குமரி மீனவர்கள் எதிர்க்கிறார்கள். கிணறு அமைந்தால் மேடையைச் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வளையம், கப்பல் நடமாட்டம், கசிவு அபாயம். அதோடு, கெடு நீளுந்தோறும் அந்தக் கடல் எப்போது யாருக்குத் திரும்பும் என்று தெரியாத நிலையும் நீளும். காவிரிப் படுகைக் கடலின் பி.ஒய்.3 வயலில் 2011 ஜூலையில் உற்பத்தி நின்றது. நின்ற கிணறுகளைப் பாதுகாப்பாக மூடும் பொறுப்பும் பணமும் யாரிடம் என்பதைக் குத்தகை நீட்டும்போதே எழுதி வாங்க வேண்டும்.

2020 ஜனவரியில் சுற்றுச்சூழல் அறிவிக்கையைத் திருத்தி, எண்ணெய் தேடும் கிணறுகளை 'பி2' வகைக்கு மாற்றினார்கள். அதன்பின் தேடும் கட்டத்தில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. எடுக்கும் கட்டத்துக்கு இன்னும் உண்டு. அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் விட்டுவிடாதீர்கள்.

நிவாரணம் என்று பார்த்தால், தலைநகரில் இருக்கும் தமிழர்களுக்குச் சில வசதிகள் அதிகம். பெட்ரோலிய அமைச்சகம் இங்கேதான். கிணறுகளைக் கண்காணிக்கும் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகம் நொய்டாவில். கரோல் பாக் மெட்ரோவில் ஏறினால் அதே நீல வழித்தடம் அந்த ஊர்வரை போகிறது. நேரில் போக வேண்டியதும் இல்லை, 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை விண்ணப்பம் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம். ஊரில் இருக்கும் சொந்தங்கள் தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பம் தரும் பகுதியின் ஆட்சிமொழிக்குச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது.

'வணிக ரகசியம்' என்று மறுப்பார்கள். அதற்கு 8(1)(டி) பிரிவைக் காட்டுவார்கள். நீங்கள் 8(2)ஐக் காட்டுங்கள். பொதுநலன் மேலோங்கினால் ரகசியத்தையும் தரலாம் என்கிறது அது. ரகசியப் பகுதியை அடித்துவிட்டு மீதியைத் தரச் சொல்ல 10ஆம் பிரிவு இருக்கிறது. கேள்விகளைச் சுருக்கமாக வையுங்கள்: இந்த பிளாக்குக்கு எத்தனை முறை, எந்தத் தேதிகளில் நீட்டிப்பு? ஒவ்வொன்றுக்கும் பதிவான காரணம் என்ன? எந்தக் கருவி இல்லை என்றார்கள், அது வரும் நாள் எது? நீட்டித்ததற்கு ஈடாக அரசுக்குக் கூடுதலாகக் கிடைத்தது என்ன? கிணற்றை மூடும் நிதியில் இன்று எவ்வளவு இருக்கிறது?

சுற்றுச்சூழல் அனுமதி தொடர்பான முறையீட்டுக்கு இடம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். உத்தரவு தெரிந்த 30 நாளுக்குள் போக வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் தருவார்கள், அதற்குமேல் கிடையாது. தமிழ்நாட்டு வழக்குகளைச் சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வு விசாரிக்கிறது. மக்களவையின் மனுக்கள் குழுவுக்குச் சாதாரணக் குடிமகனும் மனு அனுப்பலாம். குமரி, நாகை, ராமநாதபுரம் எம்.பி.க்கள் கூட்டத்தொடர் நாட்களில் டெல்லியில்தான் இருக்கிறார்கள். மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள், அவையில் கேட்கச் சொல்லுங்கள்.