போரிங் (ஆங்கிலச் சொல்)

போரிங் என்பது சலிப்பூட்டும் பொருள், செயல், பேச்சு அல்லது ஆளைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடை ஆகும். இதற்கு அடிப்படையான 'போர்' என்னும் வினைச்சொல், சலிப்பூட்டுதல் என்ற பொருளில் 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது.

தமிழ்ப் பேச்சு வழக்கில்

இச்சொல் 'போர் அடிக்கிறது' எனத் தமிழ் வினையோடு சேர்ந்து வழங்குகிறது. தமிழில் 'போரடித்தல்' முன்பே உள்ள சொல்தான். கதிரை மாடுகளைக் கொண்டு மிதிக்கச் செய்து நெல்லைப் பிரிப்பதே அதன் பொருள். மாடுகள் போதாமல் யானைகளைக் கட்டிப் போரடித்த ஊர் மதுரை என்று பழம்பாடல் ஒன்று கூறும். இவ்விரண்டு சொற்களுக்கும் ஒலி மட்டுமே ஒன்று, பொருள் வேறு. மதுரைச் சுற்றுப்புறக் கிராமங்களில் வைக்கோற்போர், ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றையும் 'போர்' என்றே சொல்வர். இடத்தை நோக்கியே பொருள் கொள்ள வேண்டும்.

போரிங், போர்டு: வேறுபாடு

மாணவர்கள் மிகுதியாகத் தவறும் இடம் இது. சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகத்தில் ஒருவர் ஒரு நூலைப் படிக்கிறார் எனக் கொள்வோம். அது சுவையாக இல்லை.

- 'திஸ் புக் இஸ் போரிங்': இந்த நூல் சலிப்பூட்டுகிறது. (சரி)
- 'ஐ ஆம் போர்டு': நான் சலிப்படைந்திருக்கிறேன். (சரி)
- 'ஐ ஆம் போரிங்': நான் பிறருக்குச் சலிப்பூட்டுபவன்.

மூன்றாவது தொடரில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் சொல்ல நினைத்தது அதுவன்று. நேர்முகத் தேர்வில் இப்படிச் சொன்னால், சொன்னவர் தம்மைத் தாமே குறைத்துக் கூறியதாகிவிடும்.

தவறுக்குக் காரணம் தமிழ்த் தொடரின் அமைப்பு. 'எனக்குப் போர் அடிக்கிறது' என்பதில் 'எனக்கு' நான்காம் வேற்றுமை, எழுவாய் அன்று. ஆங்கிலத்தில் 'ஐ' எழுவாயாகிவிடுவதால் பெயரடையும் மாற வேண்டும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. 'சலிப்பூட்டும்' எனப் பொருந்தினால் போரிங் (சலிப்பூட்டும் பாடம்). 'சலிப்படைந்த' எனப் பொருந்தினால் போர்டு (சலிப்படைந்த மாணவர்). இன்ட்ரஸ்டிங், இன்ட்ரஸ்டட்; டயரிங், டயர்ட் ஆகிய இணைகளுக்கும் இதே விதி பொருந்தும்.

ஒத்த சொற்கள்

- டீடியஸ்: நீண்டு, மெதுவாக நடந்து அலுப்புத் தருவது. சோர்வைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நூறு விடைத்தாள்களின் மதிப்பெண்களைக் கூட்டுவது டீடியஸ்.
- மொனாட்டனஸ்: மாற்றமின்றி ஒரே போக்கில் இருப்பது. 'ஒற்றைத் தொனி' என்பது கிரேக்க வேரின் பொருள். ஏற்ற இறக்கமில்லாத குரலில் பாடம் நடத்துவது மொனாட்டனஸ்.
- டல்: கூர் மழுங்கியது, சுவையற்றது என இரு பொருளும் உடையது. தமிழின் 'மொக்கை'க்கும் இவ்விரு பொருள்களும் உண்டு.

'அறுவை', 'ரம்பம்', 'பிளேடு' ஆகியவை சலிப்பூட்டும் பேச்சைக் குறிக்கும் தமிழ்க் கொச்சை வழக்குகள். எழுத்துத் தமிழில் சலிப்பூட்டும், அலுப்பூட்டும், சுவையற்ற ஆகியவற்றுள் இடத்துக்கு ஏற்றதைப் பயன்படுத்தலாம்.