குழந்தைக்குச் செரிக்காத சர்க்கரை

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையின் துணியை அலசியவர்களுக்குத் தெரியும். மலம் மஞ்சளாக, இளகலாக இருக்கும். மோர் புளித்தாற்போல லேசாக ஒரு வாடை வரும். பால் செரிக்கவில்லையோ என்று வீட்டில் யாராவது பதறுவார்கள். பதற வேண்டியதில்லை. பெருங்குடலில் குடியேறிய பாக்டீரியாக்கள் ஒழுங்காகச் சாப்பிட்டு வேலை செய்வதால் வரும் புளிப்பு அது.

ஆனாலும் அந்தப் பதற்றத்தில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. பாலில் ஒரு பகுதி குழந்தைக்குச் செரிப்பதே இல்லை.

ஒரு லிட்டர் தாய்ப்பாலில் சுமார் 70 கிராம் லாக்டோஸும் 40 கிராம் கொழுப்பும் உண்டு. இவை குழந்தைக்கு. இவற்றோடு 5 முதல் 15 கிராம் வரை ஓலிகோசாக்கரைடு என்னும் சர்க்கரைகளும் இருக்கின்றன. லாக்டோஸோடு வேறு சர்க்கரைகள் மணிமணியாகக் கோத்த குட்டிச் சங்கிலிகள் இவை. 150 வகைக்கு மேல் இதுவரை கண்டறிந்திருக்கிறார்கள். இவற்றை அறுக்கும் என்சைம் குழந்தையின் உடலில் கிடையாது. பிள்ளைக்கு உதவாத ஒன்றைத் தாயின் உடல் ஏன் இவ்வளவு பாடுபட்டுச் சுரக்க வேண்டும்?

பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி டிசியே, 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கவைக்கோல் போலப் பிளவுபட்ட பாக்டீரியாவைக் கண்டார். அதுதான் பிஃபிடோபாக்டீரியம். அதை வளர்க்கும் பொருள் இந்தச் சர்க்கரைகளே என்பதை 1950-களில் பால் கியோர்கியும், நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் கூனும் காட்டினார்கள்.

இந்த இனத்தில் இன்ஃபான்டிஸ் என்ற வகை சாப்பிடும் விதமே அலாதி. மற்ற பல பாக்டீரியாக்கள் சர்க்கரையை வெளியிலேயே உடைத்து, பாதியைச் சிந்திவிடும். இது சங்கிலியை முழுசாக உள்ளே இழுத்துக்கொண்டு பிறகுதான் அறுக்கும். அக்கம்பக்கத்துக் கிருமிக்கு ஒரு துணுக்கும் கிடைக்காது. இதற்கான மரபணுக்கள் ஒரே கொத்தாக அமைந்திருப்பதை 2008-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் கண்டறிந்தார்கள். தின்று முடித்து அது வெளியேற்றும் அசெட்டிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் குடலைப் புளிப்பாக்குகின்றன. நோய்க்கிருமிகள் பலவற்றுக்கு அந்தப் புளிப்பு ஆகாது.

செரிக்காத சர்க்கரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. கேம்பைலோபாக்டர் போன்ற வயிற்றுப்போக்குக் கிருமிகள் குடல்சுவரில் உள்ள சர்க்கரைகளைப் பற்றித்தான் ஒட்டுகின்றன. பாலில் மிதந்து வரும் சங்கிலியும் அதே சாயலில் இருப்பதால், ஏமாந்து அதைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடுகின்றன.

நம் ஊரில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நாக்கில் தடவும் சர்க்கரைத் தண்ணீர் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடலில் காத்திருக்கும் பாக்டீரியாவுக்கு எதுவும் போய்ச் சேராது. தேனில் பொட்டுலிசம் நோய்க்கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும் என்பதால், ஒரு வயதுவரை அதைத் தொடவே கூடாது. இதைவிட வருத்தம் தருவது, கெட்ட பால் என்று சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது. முதல் இரண்டு மூன்று நாள் வேளைக்குத் தேக்கரண்டிக் கணக்கில்தான் அது சுரக்கும். பிறந்த குழந்தையின் சின்ன இரைப்பைக்கு அதுவே போதும். இந்தச் சர்க்கரைகள் மிக அடர்த்தியாக இருப்பதும் அந்த மஞ்சள் பாலில்தான்: லிட்டருக்கு 20 கிராம், சில தாய்மாரிடம் அதற்கும் மேல்.