அம்பாசடர் எஞ்சினின் அமுக்க விகிதம்

பிஸ்டன் கீழ் எல்லையில் இருக்கும்போது அதற்கு மேலுள்ள மொத்தக் கொள்ளளவை, அது மேல் எல்லைக்கு வந்தபின் மிஞ்சும் கொள்ளளவால் வகுத்தால் கிடைப்பது அமுக்க விகிதம். பழைய காரின் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது இது யாரும் கவனிக்காமலே மாறிவிடுவதுண்டு.

இந்துஸ்தான் அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 88.9 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 372 க.செ.மீ. விகிதம் 7.2 என்று கொண்டால், மேலே மிஞ்சும் இடம் 60 க.செ.மீ. தேய்ந்த சிலிண்டரை 1 மி.மீ. போரிங் செய்தாலே விகிதம் 7.4-ஐ நெருங்கும். வளைந்த ஹெட்டைச் சமப்படுத்துகையில் அறையில் 5 க.செ.மீ. குறைந்தால் அது ஏறத்தாழ 8 ஆகிவிடும்.

விகிதம் கூடினால் திறனும் கூடும். ஆனால் எரிகலவை தானே பற்றி வெடிக்கும் 'நாக்கிங்' ஆபத்தும் சேர்ந்தே வரும். தொடர்ந்தால் பிஸ்டன் உடையும். கோடையில் காரைக்குடியில் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றே சூடானது என்பதால் இங்கு ஆபத்து அதிகம். 2,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஊட்டியில் காற்று மெலிந்திருப்பதால் அதே விகிதம் சிக்கலின்றி ஓடக்கூடும்.

எனவே அளந்து பார்ப்பதே வழி. வால்வுகளையும் பிளக்கையும் பொருத்தி, ஹெட்டைக் கவிழ்த்துத் துளையிட்ட கண்ணாடித் தகட்டால் மூடி, பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெய் ஊற்றி ஒவ்வோர் அறையின் கொள்ளளவையும் குறிக்க வேண்டும். கேஸ்கெட் துளையின் கொள்ளளவையும், பிஸ்டன் தலைக்குமேல் பிளாக்கில் மிஞ்சும் இடத்தையும் அதனுடன் கூட்ட வேண்டும். விகிதம் மிகுந்திருந்தால் தடித்த கேஸ்கெட்டோ, தலை குழிந்த பிஸ்டனோ உதவும். கம்ப்ரஷன் கேஜ் காட்டுவது அழுத்தத்தை மட்டுமே. தேய்ந்த எஞ்சினில் அது குறைவாகவே இருக்கும், விகிதத்தைச் சொல்லாது.