கைப்பிள்ளையோடு கதைப்பது வீணல்ல

“பாதர், இவன் தரப்பாள் கொட்டிலுக்குள்ளை பிறந்தவன். நல்ல சாப்பாடு ஒண்டும் குடுக்கேல்லை. இவன்ரை மூளை மற்றப் பிள்ளையளின்ரை மாதிரி வளருமோ?”

2010ஆம் ஆண்டு ஒரு நலன்புரி நிலையத்தில், நிறை குறைந்த ஒன்றரை வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் நம்மிடம் கேட்ட கேள்வி இது. அன்று நாம் சொன்ன மறுமொழி வெறும் ஆறுதல் வார்த்தைதான். அதைவிட உறுதியான மறுமொழி ஒன்று அப்போதே ஆய்வேடுகளில் இருந்தது. அதை நாம் அறிந்திருக்கவில்லை.

கிரிக்கெட் கேட்போருக்கு ஜமெய்க்கா பழக்கமான பெயர். கரீபியன் கடலில் உள்ள அந்தத் தீவின் தலைநகரான கிங்ஸ்டனில், ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 129 குழந்தைகளைக் கொண்டு 1986-87 காலப்பகுதியில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. குழந்தைகளின் வயது 9 மாதம் முதல் 24 மாதம் வரை. போஷாக்குக் குறைவால் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள். மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாலி கிரந்தம்-மக்கிரெகர் என்ற பெண் மருத்துவர் இதற்குத் தலைமை தாங்கினார்.

பிள்ளைகள் நான்கு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் ஒரு கிலோ பால்மா உணவு. இன்னொரு பிரிவுக்கு உணவு இல்லை. வாரத்தில் ஒரு மணிநேரம் சுகாதார உதவியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, தாயையும் பிள்ளையையும் சேர்த்து இருத்தி விளையாட்டுக் காட்டுவார். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும். நான்காம் பிரிவுக்கு இரண்டும் இல்லை. இப்படி இரண்டு ஆண்டுகள்.

வீட்டுக்கு வந்த பெண்கள் பட்டதாரிகள் அல்லர். குறுகிய பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்கள். கொண்டு வந்த விளையாட்டுச் சாமான்களும் கடையில் வாங்கியவை அல்ல. வெற்றுப் போத்தல், மட்டைப் பெட்டி, துணித் துண்டு ஆகியவற்றால் கையால் செய்தவை. ஒரு வாரம் வீட்டில் விட்டுச் செல்வார்கள். அடுத்த வாரம் வேறொன்று கொண்டு வந்து மாற்றுவார்கள். (சிரட்டையும் நுங்குக் கோம்பையும் சோடா மூடியும் வைத்து நம் பிள்ளைகள் செய்யாத சாமானா!) பிள்ளைக்குக் காட்டி விளையாடியதோடு நில்லாமல், எப்படிப் பேசுவது, பொருளின் பெயரை எப்படிச் சொல்லிக் கொடுப்பது, செய்ததை எப்படி மெச்சுவது என்பதைத் தாய்க்கே பழக்கினார்கள். உண்மையான வேலை அங்கேதான் நடந்தது என்பது நம் எண்ணம். வந்தவர் ஒரு மணிநேரத்தில் போய்விடுவார். மிகுதி நேரமெல்லாம் தாய்தானே!

இரண்டு ஆண்டு முடிவில் உணவும் பலன் தந்தது. விளையாட்டும் பலன் தந்தது. இரண்டையும் பெற்ற பிள்ளைகள், நன்கு வளர்ந்த பிள்ளைகளை அறிவு வளர்ச்சியில் ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டார்கள். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, உணவு மட்டும் பெற்றவர்களின் முன்னேற்றம் மங்கிப் போனது. விளையாட்டும் பேச்சும் பெற்றவர்களின் முன்னேற்றம் பதினேழு பதினெட்டு வயதிலும் நிலைத்தது. வாசிப்பில் கூடிய திறமை. மனச்சோர்வும் பதற்றமும் குறைவு. ஏறக்குறைய 20 ஆண்டுகளின் பின் அவர்களைத் தேடிப் பிடித்துக் கணக்கெடுத்தபோது, விளையாட்டுப் பெறாதவர்களை விட அவர்களின் உழைப்பு 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. இம்முடிவு 2014இல் வெளியாயிற்று.

இதை வாசித்துவிட்டு, ‘அப்படியானால் திரிபோஷா எதற்கு, நிவாரணம் எதற்கு’ என்று எவரும் கேட்கக் கூடாது. பசித்த வயிற்றுக்குக் கதை சோறாகாது. நிவாரணத்தைக் குறைக்க இந்த ஆய்வைச் சான்று காட்டுவோர் இருந்தால், அது பெரும் அநீதி. இரண்டும் வேண்டும் என்பதே அதன் செய்தி.

பேசத் தெரியாத பிள்ளையோடு கதைத்து என்ன பயன் என்று கேட்போருக்கு இன்னொரு செய்தி. கனடாவில் ஜனெட் வெர்க்கர் என்ற ஆய்வாளர் 1984இல் ஒரு முடிவை வெளியிட்டார். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி மொழியின் ‘ட’, ‘த’ போன்ற இரு ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். ‘பாட்டி’க்கும் ‘பாத்தி’க்கும் நாம் காணும் வேறுபாடு அது. ஆங்கிலேயரின் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள்! ஒரு வயதை நெருங்கிய குழந்தைகளோ பெரும்பாலும் அதை இழந்திருந்தார்கள். வீட்டில் கேளாத ஒலியைக் காது தள்ளிவிட்டு, கேட்கும் ஒலிகளில் கூர்மை அடைகிறது. முதற்சொல் வாயில் வருமுன்பே மொழிக்கான வேலை தொடங்கிவிடுகிறது.

கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகும் தாய்மாருக்கும் ஒரு சொல். அமெரிக்காவில் பற்றீசியா கூல் என்பவரின் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைப் 12 தடவை கேட்கச் செய்தார்கள். முன்னே இருந்து ஆள் பேசி விளையாடியபோது அம்மொழியின் ஒலிகளைக் கற்றார்கள். அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை.

நினைவாற்றலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரோலின் ரோவி-கொலியர் என்பவர் தொட்டிலின் மேல் ஆடும் பொம்மையை நாடாவால் குழந்தையின் காலோடு கட்டினார். உதைத்தால் பொம்மை ஆடும். மூன்று மாதக் குழந்தை இந்தத் தந்திரத்தை ஏறக்குறைய ஒரு வாரமும், ஆறு மாதக் குழந்தை இரண்டு வாரமும் நினைவில் வைத்திருந்தன.

ஆயினும் நடந்ததை ஒரு கதையாக நினைவுகூரும் ஆற்றல் பேச்சோடுதான் வளர்கிறது. ரொபின் ஃபிவுஷ், இலேய்ன் ரீஸ் முதலிய ஆய்வாளர்கள் தாய்மாரின் பேச்சைப் பதிவுசெய்து பார்த்தார்கள். சில தாய்மார் “எங்கே போனோம்? சொல்லு” என்று சோதனை வைப்பதுபோல ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வேறு சிலர் பிள்ளை சொன்ன துண்டை எடுத்து, இன்னொன்றைச் சேர்த்து, மேலும் ஒன்று கேட்டு வளர்த்தார்கள். இரண்டாம் வகைத் தாய்மாரின் பிள்ளைகளே பிற்காலத்தில் தங்கள் பழைய அனுபவங்களை விரிவாகச் சொல்லக் கூடியவர்களாய் இருந்தார்கள்.

ஊரை விட்டு வந்த குடும்பங்களில் இது நடப்பது அரிது. ‘ஏன் அதையெல்லாம் இப்ப கிளறுவான்’ என்று பெரியவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். செல்லடித்த நாட்களை விட்டுவிடுங்கள். அதைப் பிள்ளை தானாகக் கேட்கும் நாளில் பார்க்கலாம். கிணற்றடியைப் பற்றிப் பேசலாமே. “துலாவிலை ஆர் ஏறி நிண்டவர்?” “அப்பு.” “ஓம், அப்புதான். நீ கீழை நிண்டு என்ன செய்தனீ?” “வாய்க்காலுக்கை காகிதக் கப்பல் விட்டனான்.” “கப்பல் எந்தப் பாத்தியிலை போய் இறுகினது?”