பூட்டைத் திறந்த ‘கஎருஅ’!

கதவு பூட்டியிருக்கிறது. ஜன்னலில் கம்பி. மேசையில் ஒரு டார்ச், உள்ளே பேட்டரி இல்லை. சுவரில் நின்றுபோன கடிகாரம். பக்கத்தில் ஒரு படம் லேசாகக் கோணலாக மாட்டியிருக்கிறது. நீங்கள் எப்படி இங்கே வந்து மாட்டினீர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வெளியே வர வேண்டும், அவ்வளவுதான்.

போனில் ‘எஸ்கேப் ரூம்’ கேம் எதைத் திறந்தாலும் தொடக்கம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். சுடுவதற்கு எதிரி கிடையாது. ஓட்டுவதற்கு கார் கிடையாது. விரலால் அங்கங்கே தட்டிப் பார்த்து, கிடைத்ததை எடுத்துவைத்துக்கொண்டு, எதை எதோடு சேர்த்தால் எது திறக்கும் என்று யோசிக்க வேண்டும். ஏழு வயதுப் பேத்தியும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே போனைப் பார்த்துத் தலையை முட்டிக்கொண்டு ஆடக்கூடிய கேம்கள் குறைவு. இது அதில் ஒன்று.

இந்த வகைக்கு உலகம் முழுக்கப் பெயர் வாங்கிக்கொடுத்தது, ஜப்பானைச் சேர்ந்த தோஷிமிட்சு தகாகி 2004-ல் இணையத்தில் வெளியிட்ட ‘கிரிம்சன் ரூம்’. குடித்துவிட்டுப் படுத்தவன் கண் விழித்தால், முன்பின் தெரியாத ஒரு சிவப்பு அறை. அங்கிருந்து தப்ப வேண்டும். கம்ப்யூட்டர் மவுஸால் அந்த அறையை அங்குலம் அங்குலமாகத் தடவியவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 2007-ல் கியோட்டோ நகரத்தில் தகாவோ கடோ என்பவர் இதையே நிஜ அறையில் நடத்திக்காட்டினார். இன்று சென்னையிலும் பெங்களூரிலும் டிக்கெட் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய் மாட்டிக்கொள்கிறோமே, அந்த எஸ்கேப் ரூம் பிறந்த கதை இதுதான். நிஜத்தைப் பார்த்து கேம் வந்ததாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ்.

அந்தக் காலத்து எஸ்கேப் கேம்களில் பலவும் ‘ஃப்ளாஷ்’ மென்பொருளில் செய்யப்பட்டவை. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷுக்கு மூடுவிழா நடத்தியதில், தப்பிக்கும் கேம்களே தப்ப முடியாமல் மாட்டிக்கொண்டன. நல்லவேளை, அதற்குள் இந்த ஆட்டம் போனுக்கும் டேப்லெட்டுக்கும் குடிவந்துவிட்டது. 2012-ல் ஒரு பிரிட்டிஷ் குழு கொண்டுவந்த ‘தி ரூம்’ அதில் முக்கியமானது. ஒரே ஒரு பெட்டி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத குறிகள், ஒரு கண்ணாடியை மாட்டிப் பார்த்தால் தெரியும்.

சரி, புதிரை எப்படி அவிழ்ப்பது? விதிகளை வரிசைப்படுத்திச் சொல்வதைவிட, ஓர் அறையைக் கட்டிக்காட்டிவிடலாம். அதற்குத் தோதான இடம் கடலூரில் இருக்கிறது.

தேவனாம்பட்டினத்தில் ஒரு கோட்டை

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சில்வர் பீச்சுக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்காவது, பக்கத்தில் ஒரு கோட்டை இருந்தது நினைவிருக்குமா என்பது சந்தேகம்தான். தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆறு கடலைத் தொடும் பக்கத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டை அது. இன்று மிஞ்சியிருப்பவை சிதிலங்கள்.

1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் கோட்டையை மராத்தியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் என்பது பேச்சு. எந்த பீரங்கி என்பதை யாரும் பேசிக்கொள்ளவில்லை. நெடுந்தூரம் சுடக்கூடிய பீரங்கியையும் கைதேர்ந்த பீரங்கிக்காரரையும் கம்பெனி தேடிப் பிடித்து இறக்கியது. குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமங்கள் எல்லாம் அவர்களுக்குப் போயின. கடலூரை ஒட்டி குண்டு உப்பலவாடி என்று இன்றும் ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயரை பீரங்கிக் குண்டுக் கதையோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். புதிர் ஆடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்: விதி என்ன சொல்கிறது என்று பார்ப்பது ஒரு திறமை, என்ன சொல்லாமல் விட்டது என்று பார்ப்பது இன்னொரு திறமை. கம்பெனிக்காரர்கள் இரண்டாவதில் கெட்டிக்காரர்கள்; அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு விலை கொடுத்தது கிராமங்கள்.

இந்தக் கோட்டைக்கு ஒரு நிஜத் தப்பித்தல் கதையும் உண்டு. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். அங்கே மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர், கம்பெனியில் எழுத்தர் வேலை பார்த்த ராபர்ட் கிளைவ். வயது 21. உள்ளூர்க்காரர்போல வேடம் போட்டுக்கொண்டு, கூட்டாளிகளோடு நழுவினார். போய்ச் சேர வேண்டியது தேவனாம்பட்டினம். ஆனால் சென்னைக்கும் கடலூருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி! சிறையிலிருந்து தப்பி, சிறை வைத்தவன் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிற மாதிரி. ஆனாலும் வந்து சேர்ந்தார். பத்து ஆண்டுகள் கழித்து அதே கோட்டையின் பொறுப்பையே ஏற்றார்.

கோட்டையைச் சுற்றி நிலத்துக்கடியில் ஒரு சுரங்கப் பாதை ஓடியதாகவும், அதிலிருந்து பிரிந்த கிளைகளில் வெடிமருந்து அறைகள் இருந்ததாகவும் பழைய மாவட்டக் குறிப்புகள் விவரிக்கின்றன. அத்தனை இருந்தும் 1758 ஜூனில் லாலி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படையிடம் கோட்டை வீழ்ந்தது. வென்றவர்கள் அதைத் தகர்த்தார்கள்.

இப்போது நம் அறைக்குள் போகலாம்.

நான்கு எண், நான்கு எழுத்து

அந்தச் சுரங்கத்தில் ஓர் அறை என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். மூலையில் ஒரு மரப்பெட்டி. அதில் நான்கு எண்கள் சுழற்றும் பூட்டு. சுவரில் நின்றுபோன கடிகாரம், நேரம் 4:20. ஒரு பீரங்கிப் படம், அதன் அடியில் 1690. அலமாரியில் நான்கைந்து பழைய புத்தகங்கள். கதவுக்கு மேலே கரியால் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள்: ‘கஎருஅ’.

முதலில் எல்லோரும் கடிகாரத்தைத்தான் பிடிப்பார்கள். 0420. திறக்கவில்லை. பீரங்கிப் படத்தைப் பார்த்து 1690. திறக்கவில்லை. 0961 என்று திருப்பிப் போட்டுப் பார்ப்பார்கள். ம்ஹூம். அடுத்து வருவது, 0000-விலிருந்து ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பார்க்கலாமே என்ற வெறி. நான்கு எண் பூட்டில் 10,000 சாத்தியங்கள். ஒன்றுக்கு மூன்று விநாடி என்றாலும் முழுக்கப் பார்த்து முடிக்க எட்டு மணி நேரம் 20 நிமிடம். இடையில் சாப்பிடக் கூப்பிடுவார்கள்.

‘கஎருஅ’வை யாரும் சீண்டவில்லை. ஏதோ கிறுக்கல் என்று விட்டுவிட்டார்கள். அலமாரியிலிருந்த எண்சுவடியையும் ஒருமுறை புரட்டிவிட்டு, பழைய வாய்ப்பாடுதானே என்று வைத்துவிட்டார்கள். அந்தச் சுவடியின் முதல் பக்கத்தில்தான் இது இருக்கிறது: க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ. எதிரே ஒன்று முதல் ஒன்பது வரை விரல் படங்கள்.

தமிழ் எண்கள்! எழுத்துகளைப் போலவே தோற்றம் கொண்டவை. க என்றால் 1, எ என்றால் 7, ரு என்றால் 5, அ என்றால் 8. பழைய தமிழ்ப் புத்தகங்களின் பக்க எண்களில் இவற்றைப் பார்க்கலாம். மொரீஷியஸ் நாட்டு ரூபாய் நோட்டுகளில் இன்றும் அச்சாகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இவை கிறுக்கல்.

1758. பூட்டு திறந்துகொண்டது. இந்த எண்ணைச் சற்று முன்பு நீங்களே கடந்துதான் வந்தீர்கள்.

எஸ்கேப் கேமில் திணறும் பெரும்பாலான தருணங்கள் இப்படிப்பட்டவைதான். தேடாத இடத்தில் சாவி இருப்பதைவிட, பார்த்துவிட்டு ஒதுக்கிய பொருளில் சாவி இருப்பது அதிகம். அலங்காரம் என்று நினைத்தது குறிப்பாக இருக்கும். குறிப்பு என்று துள்ளியது அலங்காரமாக இருக்கும். ஒரு பொருள் தனியாக ஒன்றும் சொல்லாது. கிறுக்கலும் எண்சுவடியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்தான் இரண்டுமே பேச ஆரம்பிக்கும்.

பல்பு படத்தைத் தட்டலாமா?

பெரும்பாலான போன் கேம்களில் ஓர் ஓரத்தில் பல்பு படம் போட்ட ‘ஹின்ட்’ பட்டன் இருக்கும். தட்டினால் ஒரு விளம்பரம் ஓடும், அல்லது காசு கேட்கும். பிறகு விடையைக் காட்டிவிடும். யூடியூபில் போனால் முழு கேமையும் யாரோ ஆடிக்காட்டியிருப்பார்கள்.

தப்பில்லை. சில கேம்களின் புதிர்கள் அவ்வளவு மோசம்; எட்டு மணி நேரம் யோசித்தாலும் மனிதனுக்குத் தோன்றாதவை. ஆனால் சிக்கிய இரண்டாவது நிமிடமே பல்பைத் தட்டும் பிள்ளைக்கு, அந்தக் கதவு மட்டும் திறக்கும். நல்ல கேம்களில் முதல் அறையில் கற்றது மூன்றாவது அறையில் திரும்ப வரும். தமிழ் எண் என்பதைத் தானே கண்டுபிடித்தவள் அடுத்த கிறுக்கலைப் பார்த்ததும் சிரிப்பாள். காட்டிக்கொடுக்கப்பட்டவள் மறுபடி பல்பைத் தேடுவாள்.

சிக்கிக்கொண்டால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. போனைக் கீழே வைத்துவிட்டு, அறையில் என்னென்ன இருக்கிறது என்பதை ஆடாத ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது. “கடிகாரம் இருக்கு பாட்டி, ஒரு படம் இருக்கு, மேலே ஏதோ எழுதியிருக்கு...” “என்ன எழுதியிருக்கு?” என்று பாட்டி கேட்கும்போது பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். அந்தப் பாட்டிக்கு எண்சுவடி தெரிந்திருந்தால் முழுதும் அவிழ்ந்துவிடும்.

போகிறபோக்கில் பெற்றோருக்கு ஒன்று: பிளே ஸ்டோரில் காசு போகும் முன்பு பாஸ்வேர்டு கேட்கும்படி அமைத்துவிடுங்கள். பல்பு மலிவானது போலத்தான் தோன்றும்.

இந்தப் பாட்டி விஷயம் வெறும் கற்பனை இல்லை. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’ கேமை ஆடியவர்களுக்குத் தெரியும். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. இதில் பூட்டிய கதவு இல்லை. பூட்டு, அம்மாவின் கிழிந்துபோன சமையல் நோட்டு. வரிகள் அழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஆடுபவர்தான் யோசிக்க வேண்டும். முதல் புதிரே இட்லி. ஆவி மேலே ஏறிப் போகத் தட்டுகளை எப்படி அடுக்குவது? வெளிநாட்டில் கேமிங் புலிகள் தலையைச் சொறிந்த இடம் அது. நம் வீட்டு அடுப்படியில் நிற்பவர்களுக்கு அது புதிரே அல்ல. 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குக் கிடைத்தது.

திரையை விட்டு நிஜ எஸ்கேப் ரூமுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் விளையாட்டை மறந்து ஒன்றைப் பார்க்க வேண்டும். 2019 ஜனவரியில் போலந்தின் கோஷாலின் நகரத்தில் ஓர் எஸ்கேப் ரூமில் தீப்பிடித்தது. பிறந்தநாள் கொண்டாடப் போன 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் வெளியே வர முடியாமல் இறந்துபோனார்கள். உள்ளே நுழையும் முன்பே கேளுங்கள்: கதவு நிஜமாகவே பூட்டப்படுமா? கரன்ட் போனால் திறக்குமா? இன்னொரு வழி எங்கே? பதில் மழுப்பலாக இருந்தால் டிக்கெட் காசு போனாலும் திரும்பிவிடுங்கள். புதிர் மட்டும்தான் பூட்டியிருக்க வேண்டும், கதவு அல்ல.

கிளைவுக்கும் அப்படித்தான், சென்னையில் அவருக்காக யாரும் சாவியை ஒளித்துவைக்கவில்லை. 1758-ல் கோட்டைக்குள் இருந்தவர்களுக்கும் சுவரில் யாரும் குறிப்பு எழுதிவைக்கவில்லை. கேமில் மட்டும்தான், உங்களை உள்ளே வைத்துப் பூட்டியவரே நீங்கள் வெளியே வர வேண்டும் என்று ஆசைப்படுகிறார். முகம் தெரியாத அந்த ஆள் உங்கள் கண் எங்கே போகும், எங்கே போகாது என்று யோசித்து யோசித்து ஒவ்வொரு பொருளையும் வைத்திருக்கிறார். ‘இதை எதற்காக இங்கே வைத்தார்?’ என்று கேட்க ஆரம்பித்தவர்கள் வேகமாக வெளியே வருகிறார்கள்.

நம் சுரங்கத்தில் மரப்பெட்டி திறந்தாகிவிட்டது. உள்ளே ஒரு டார்ச் பேட்டரியும் ஒரு துண்டுச் சீட்டும். வெளிக்கதவுக்கும் நான்கு எண் பூட்டுதான். சீட்டில் எழுதியிருப்பது: ‘கஎசசு’. பல்பு பட்டன் கிடையாது. விடை இந்தக் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது.