வால்வு ஒலிவாங்கியும் யாழ்ப்பாணத்துத் தவிலோசையும்

இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களை நிலைக்களமாகக் கொண்டு வளர்ந்த யாழ்ப்பாணத்து நாதஸ்வர, தவில் மரபு, குருவின் கையிலிருந்து சீடனின் கைக்கு நேரே சென்று சேர்ந்த கலையாகும். 1933-இல் பிறந்து 1975-இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் வாசிப்பை, அவரை நேரிற் கேட்டிராத தலைமுறை ஒலிப்பதிவுகளின் வழியாகவே அறிகிறது. பதிவில் பிடிபடாத நுட்பம் அத்தலைமுறைக்குக் கிட்டாமலே போய்விடுவதால், இன்றைய கலைஞர்களின் வாசிப்பைப் பதிந்து வைக்க முனைவோர் எவ்வகை ஒலிவாங்கியைத் தெரிவு செய்வது என்பது பொறுப்போடு ஆராய வேண்டிய வினாவாகும். அவ்வகைகளுள், பேச்சுவழக்கில் 'வால்வு' எனப்படும் வெற்றிடக் குழாயைக் கொண்ட ஒலிவாங்கிக்கு இசையுலகில் பெருமதிப்பு உண்டு. எனினும் மதிப்பு வேறு, ஒலியை உள்ளவாறே பதியும் தகுதி வேறு.

வால்வு ஒலிவாங்கி என்பது அடிப்படையில் கொள்ளளவி ஒலிவாங்கியே ஆகும். உலோகம் பூசப்பட்ட மெல்லிய சவ்வொன்று, அசையாத உலோகத் தட்டொன்றின் முன்னே மயிரிழை இடைவெளியில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஒலியலை சவ்வை அசைக்கும்போது அவ்விடைவெளி மாற, அதற்கேற்ப மின்னழுத்தமும் மாறும். இந்தச் சமிக்ஞை மிக நலிந்தது. நீண்ட வடத்தின் வழியே செல்லும் வலு அதற்கு இல்லை. ஆகவே சவ்வுக்கு அருகிலேயே அதை வலுப்படுத்தும் உறுப்பொன்று தேவைப்படுகிறது. 1916-இல் அமெரிக்கரான ஈ. சி. வெண்ட் கொள்ளளவி ஒலிவாங்கியை உருவாக்கிய காலத்தில் அப்பணிக்கு வால்வைத் தவிர வேறு கருவி இல்லை. 1949-இல் விற்பனைக்கு வந்து உலகப் புகழ் பெற்ற ஜெர்மனியின் நோய்மன் யு 47-உம் வால்வைக் கொண்டே இயங்கியது. 1960-களில் திரான்சிஸ்டர் வகைகள் அவ்விடத்தைப் பிடிக்கத் தொடங்கின.

வால்வின் ஒலிக்கு 'இளஞ்சூடு' உண்டென்று பலர் புகழ்வதன் காரணத்தை ஸ்வரக் கணக்கால் விளக்கலாம். வால்வு தனக்கு வந்த சமிக்ஞையோடு, அதன் இருமடங்கு மீடிறனையும் சிறிதளவு சேர்த்து வெளியிடும்; மீடிறன் என்பது ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை. ஆதார ஸட்ஜம் 240 அதிர்வுகள் என்றால், வால்வு சேர்ப்பது 480, அதாவது தாரஸ்தாயி ஸட்ஜம். ஆதலால் அது செவிக்கு உறுத்தலாக அன்றி நிறைவாகவே தோன்றும். ஆனால், ஒரே வேளையில் இரு ஸ்வரங்கள் ஒலிக்கும்போது, அவற்றின் கூட்டுத்தொகைக்கும் வித்தியாசத்துக்கும் உரிய மீடிறன்களும் பிறக்கும். 240-இல் சுருதி ஒலிக்க, ஹிந்தோள ராகத்தின் சுத்த தைவதம் 384-இல் நின்றால், அவற்றின் கூட்டுத்தொகையாகிய 624, தாரஸ்தாயியில் அந்தர காந்தாரத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் நடுவே, எந்த ஸ்வரத்துக்கும் உரியதல்லாத இடத்தில் விழும். கலைஞர் வாசிக்காத ஒலி இவ்வாறு பதிவில் ஏறுகிறது.

இத்திரிபின் அளவை மிகைப்படுத்துவதும் தவறாகும். நன்கு அமைந்த வால்வு ஒலிவாங்கியில், மிதமான ஒலிக்கு, அது அரை வீதத்துக்கும் குறைவாகவே இருக்கும். டென்மார்க்கின் புரூவெல் அண்ட் கேயர் நிறுவனம் 1950-களில் ஆய்வுகூடங்களுக்கு உருவாக்கிய அளவீட்டு ஒலிவாங்கிகளும் வால்வு முன்பெருக்கிகளோடுதான் இயங்கின. எனவே வால்வு இருப்பதனால் மட்டும் ஒரு கருவி துல்லியமற்றதாகிவிடாது.

வால்வைவிட, சவ்வின் அகலமும் ஒலிவாங்கியின் வெளியீட்டு மின்மாற்றியுமே பெரும்பாலும் கூடுதலான வேறுபாட்டை விளைவிக்கின்றன. புகழ்பெற்ற வால்வு ஒலிவாங்கிகளின் சவ்வு ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் விட்டமுடையது. 10,000 அதிர்வுகள் கொண்ட ஒலியின் அலைநீளமோ ஏறத்தாழ 34 மில்லிமீற்றர்தான். இவ்விரு அளவுகளும் நெருங்கிவிடுவதால், பக்கவாட்டில் இருந்து வரும் நுண்ணொலிகள் நேரே வருவனவற்றினும் வேறாகப் பதியும். நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் அணியாக நின்று வாசிக்கும் மேளக்கச்சேரியில், ஒருவர் ஒலிவாங்கிக்கு நேரே நின்றால் மற்றவர் பக்கவாட்டிலேயே நிற்க நேரும். கூடு அணிந்த விரல்கள் தவிலின் வலப்பக்கமாகிய வலந்தலையில் எழுப்பும் கூரிய சொற்கட்டுகளையும், கோல் இடப்பக்கமாகிய தொப்பியில் எழுப்பும் ஆழ்ந்த அதிர்வையும் ஒருங்கே பதிய, 12 மில்லிமீற்றர் அளவிலான சிறு சவ்வே ஏற்றது. மேலும், தொப்பியின் பலத்த அடி பழைய கருவிகளின் மின்மாற்றியைத் தெவிட்டச் செய்து, தாழ்ந்த ஒலியைக் குலைக்கவும் கூடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சூழலும் கருத்திற்கொள்ளத்தக்கது. சவ்வுக்கும் வால்வுக்கும் இடையிலான சுற்றில் மிக உயர்ந்த மின்காப்பு தேவைப்படுவதால், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தின் ஈரமும் கடற்காற்றின் உப்பும் அதிற் படிந்தால் படபடவென்ற இரைச்சல் எழும். திரான்சிஸ்டர் வகைகளும் இதற்கு விலக்கல்ல. ஆயினும் அவற்றுள், வானொலி மீடிறனில் இயங்குமாறு அமைந்த சென்ஹைசர் எம்.கே.எச். வரிசை ஈரத்தை நன்கு தாங்கும். வால்வுக்கு அதன் இழையைச் சூடாக்கவும் உயர் மின்னழுத்தம் வழங்கவும் தனி மின்வழங்கி வேண்டியிருப்பதால், நல்லூர்க் கோயிலின் வெளிவீதியில் சுவாமியோடு நகர்ந்து செல்லும் மேளத்தைப் பதிய அது உதவாது. அமைதியான வீட்டில் முதியவர் ஒருவர் மெல்லிய குரலில் பாடும் தாலாட்டைப் பதியும்போதோ கருவியின் சொந்த இரைச்சலே தடையாகும்: பழைய வால்வு வகைகள் பலவற்றில் அது 15 டெசிபெலைத் தாண்ட, திரான்சிஸ்டரில் இயங்கும் நோய்மன் டி.எல்.எம். 103-இல் 7 டெசிபெல் அளவிலேயே நிற்கிறது.

ஆகவே, இசைத்தட்டுக்காகப் பாடகரின் குரலுக்கு எழிலூட்ட விரும்பும் கலையகத்துக்கு வால்வு ஒலிவாங்கி உகந்ததே. ஆவணப் பதிவுக்கோ, இரைச்சல் குறைந்த சிறுசவ்வுத் திரான்சிஸ்டர் ஒலிவாங்கியே முதல் தெரிவாக வேண்டும். தெளிவான பதிவொன்றுக்கு வால்வின் நிறத்தைப் பின்னர் எப்போது வேண்டுமாயினும் ஊட்டலாம். நிறமேறிய பதிவிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது அரிது. கமகத்தின் அசைவையும் தவிற் சொற்களின் இடைவெளியையும் நாளை அளந்து கற்கப்போகும் மாணவருக்கு, கலைஞர் வாசித்ததை மட்டுமே, கூட்டாமலும் குறைக்காமலும் விட்டுச்செல்வது இன்று பதிவோரின் கடமையாகும்.