சேதாரக் கணக்கு

பொட்டிப்புரம் மலைக்குள் இன்னும் ஓர் இரும்புத் தகடுகூட இறங்கவில்லை. கம்ப்யூட்டருக்குள்ளோ 50,000 டன் கருவி எப்போதோ தயார். அது சொல்வது நிஜமா என்பது, எதைக் கணக்கில் விடுவது என்ற முடிவில் இருக்கிறது.

மைசூர் மானசகங்கோத்ரி வளாகத்திலுள்ள பல்கலைக்கழக இயற்பியல் துறை, இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தில் பங்கேற்ற நிறுவனங்களில் ஒன்று. இந்த மண்ணுக்கு நியூட்ரினோ புதிய விருந்தாளி அல்ல. 1965ல், கர்நாடகம் மைசூர் மாநிலமாக இருந்தபோது, கோலார் தங்கவயலில் தரைக்கு 2 கி.மீ.க்கும் கீழே வைத்த கருவிகள் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவு செய்தன. டாட்டா ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானின் ஒசாகா சிட்டி, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்த வேலை அது.

அதன் வாரிசாகத் திட்டமிடப்பட்டதுதான் தேனி மாவட்டக் கருவி. 5.6 செ.மீ. கனத்தில் 151 அடுக்கு இரும்புத் தகடுகள். இடுக்குகளில் வாயு நிரப்பிய சுமார் 29,000 உணர்கருவிகள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் ரூ. 1,500 கோடிக்கு ஒப்புதல் தந்தது. பிறகு எதிர்ப்பு, வழக்குகள். அனுமதிக்க முடியாது என்று 2022ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

எனவே ஆராய்ச்சி மாணவர்களின் களம் கம்ப்யூட்டர்தான். அவர்கள் கையாள்வது, 1998ல் முதலில் வெளியான 'ஜியன்ட்-4' என்ற சர்வதேச மென்பொருள். நியூட்ரினோ இரும்பில் மோதி மியுவான் பிறந்தால், அது எங்கே வளைகிறது, எதைத் தட்டிவிடுகிறது என்று அடி அடியாகப் பின்தொடரும்.

சிக்கல் இங்கேதான். மியுவான் போகும் வழியெல்லாம் எலெக்ட்ரான்கள் சிதறுகின்றன. அவற்றிலிருந்து ஒளித்துகள்கள். சக்தி குறையக் குறைய எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் துரத்தினால் கணக்கு முடியவே முடியாது. ஆகவே ஒரு கோடு கிழிக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே உள்ளவை தனித் துகளாகப் பிறப்பதில்லை. அவற்றின் சக்தி தாய்த் துகளின் இழப்பில் சேர்ந்துவிடும். நகைக்கடை சேதாரம் மாதிரி.

கோட்டை சக்தியில் கிழிக்காமல் தூரத்தில் கிழிப்பது இந்த மென்பொருளின் சாமர்த்தியம். பயனாளர் எதுவும் சொல்லாவிட்டால் 0.7 மி.மீ. அவ்வளவு தூரம்கூடப் போக முடியாத எலெக்ட்ரான் பிறக்காது. ஈயத்தில் அந்த தூரத்துக்குச் சுமார் 10 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் சக்தி வேண்டும். காற்றில் அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

தேனிக் கருவியின் உணர்கருவிகளில் வாயு இடைவெளி வெறும் 2 மி.மீ. வேகத்துக்கு ஆசைப்பட்டுக் கோட்டை 1 செ.மீ. என்று வைத்தால், இரும்பின் ஓரத்தில் பிறந்து வாயுவுக்குள் குதித்திருக்க வேண்டிய எலெக்ட்ரான்கள் காணாமல் போகும். மோதலில் சிதறும் மற்ற துகள்களின் சக்தியை, எத்தனை இடத்தில் தடயம் விழுந்தது என்று எண்ணித்தான் மதிப்பிடுகிறார்கள். எண்ணிக்கை பிசகினால் நியூட்ரினோவின் சக்தியும் பிசகும். கோட்டை மிகவும் இறக்கினாலோ, ஒரு நாள் வேலை வாரக்கணக்கில் இழுக்கும்.

மெதுவாக அலையும் நியூட்ரான்கள் இன்னொரு தலைவலி. கருவியின் துடிப்பு நானோ வினாடிகளில் முடிந்துவிடும். நியூட்ரானோ அதன் பிறகும் இரும்புக்குள் முட்டி மோதிக்கொண்டிருக்கும். அதனால் 10 மைக்ரோ வினாடி தாண்டினால் பின்தொடர்வதை நிறுத்திவிடும் வசதி உண்டு. ஆனால் கரும்பொருளைத் தேடும் சுரங்கச் சோதனைகளில் இந்தத் தாராளம் ஆபத்து. அங்கே போலித் தடயம் தரும் முக்கிய எதிரியே நியூட்ரான்தான். மளிகைக் கடையில் பெருக்கிக் கொட்டும் தூசியை, பத்தர் பட்டறையில் சலித்துப் பார்ப்பார்கள்.

சரியான கோடு எது? கோட்டைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. விடை மாறாவிட்டால் சரி. மாறினால் கோடு தப்பு. அதற்கும் மேல் நிஜத்தோடு ஒப்பிட வேண்டும். மதுரையில் 2018ல் இயங்கத் தொடங்கிய 85 டன் மாதிரிக் கருவி அதற்குக் கை கொடுக்கிறது. அதன் வழியே கடக்கும் மியுவான்கள்தான் கம்ப்யூட்டருக்குத் தேர்வு வைக்கும் வாத்தியார்கள்.

50,000 டன் இரும்பை அடுக்கிய பிறகு தப்பு தெரிந்தால் பிரித்து அடுக்க முடியாது. கோட்டின் கணக்கை இப்போதே சரி பார்ப்பது செலவில்லாத வேலை.